18 ஆண்டு ஏமாற்றத்தின் உடலியல்

2025-ஆம் ஆண்டின் கோடை, காத்துக் கிடந்த ரசிகர்களின் கோடை. மே 14 அன்று இத்தாலியின் பொலோனா கால்பந்து அணி 51 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையைத் தொட்டது. மூன்று நாள் கழித்து லண்டனின் கிரிஸ்டல் பேலஸ், மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. நூறு வயதைத் தாண்டிய அந்தச் சங்கத்துக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. அதே வாரத்தில் டாட்டன்ஹாமின் 17 ஆண்டு வறட்சி தீர்ந்தது. மே 31 இரவு மியூனிக் நகரில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், இன்டர் மிலானை 5-0 என்று நொறுக்கி முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக்கைக் கைப்பற்றியது. சரியாக மூன்று நாள் தள்ளி, ஜூன் 3 அன்று அகமதாபாத்தில், 18-ஆவது ஐபிஎல் தொடரில், ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு (ஆர்சிபி) பஞ்சாபை 6 ரன்னில் வென்றது. அவர்களுக்கும் அதுவே முதல் கோப்பை.

ஐரோப்பாவில் கால்பந்து சீசன் முடியும் நாட்களில்தான் நம் பக்கத்துக் கிரிக்கெட் சீசனும் முடிகிறது. விளையாட்டு வேறு; டிவியைப் பார்த்துக்கொண்டே விரல் நகத்தைக் கடிக்கும் ஆள் எங்கும் ஒரே ஆள்தான். அந்த ஆளை உற்றுப் பார்க்க ஏற்ற இடம் எது என்று கேட்டால், மான்செஸ்டரையோ மிலானையோ சொல்லமாட்டேன். சித்தூரைச் சொல்வேன்.

ஏன் சித்தூர்? ஆந்திரப் பிரதேசத்துக்கென்று ஐபிஎல் அணி கிடையாது. தெலுங்கு பேசும் ஒரே அணி ஹைதராபாத்தில் இருக்கிறது. அந்த ஊர் 2014-இல் வேறு மாநிலமாகிவிட்டது, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு. சித்தூரிலிருந்து கிழக்கே ராணிப்பேட்டை வழியாக இறங்கினால் மூன்று மணி நேரத்தில் சென்னை. மேற்கே மொகிலி கணவாய் ஏறிப் பலமநேர், முல்பாகல், கோலார் என்று போனால் ஏறக்குறைய அதே நேரத்தில் பெங்களூரு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வேலைக்குப் பெங்களூரு என்று வாழும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அண்ணன் சென்னையின் மஞ்சள் சட்டை, தம்பி பெங்களூருவின் சிவப்புச் சட்டை, மாமா மட்டும் ஹைதராபாத்தின் ஆரஞ்சு என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது இங்கே புதினமில்லை. திருப்பதியிலும் அதே கதைதான்.

பெங்களூரு இதற்கு முன் தோற்ற மூன்று இறுதிப் போட்டிகளைப் பாருங்கள். 2009-இல் ஜோகன்னஸ்பர்க்கில் 6 ரன்னில் தோற்றது. எதிரணி ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ். 2011-இல் சேப்பாக்கத்தில் 58 ரன்னில் தோற்றது. எதிரணி சென்னை சூப்பர் கிங்ஸ். 2016-இல் சொந்த மண்ணான சின்னசாமி அரங்கில் 8 ரன்னில் தோற்றது; எதிரணி சன்ரைசர்ஸ் ஹைதராபாத். மூன்று முறையும் கோப்பை போனது சித்தூரின் மற்ற இரண்டு ‘சொந்த’ ஊர்களுக்கு. சித்தூர் ஆர்சிபி ரசிகனுக்கு அந்தத் தோல்விகள் தொலைவில் நடந்த செய்திகளாக இருந்திருக்க முடியாது. அவனைத் தோற்கடித்தவன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

இப்படித் தோற்றும் ஒருவன் 18 வருடம் எப்படி அதே அணியோடு இருக்கிறான்? பொருளாதாரக் கணக்கில் இது பெரிய முட்டாள்தனம். கணக்கை நிஜமாகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பீட்டர் டால்டன், ஜார்ஜ் மெக்கரான் என்ற இரண்டு பிரிட்டன் பொருளியலாளர்கள், கைபேசிச் செயலி ஒன்றின் மூலம் ஆயிரக்கணக்கானவர்களிடம் நாளில் பலமுறை ‘இந்த நொடியில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுத் திரட்டிய பல லட்சம் பதில்களைக் கால்பந்து முடிவுகளோடு பொருத்தினார்கள். தன் அணி வென்ற பின் வரும் ஒரு மணி நேரத்தில் மகிழ்ச்சி நூற்றுக்கு 3.9 புள்ளி ஏறுகிறது. தோற்றால் 7.8 புள்ளி இறங்குகிறது. ஏற்றத்தைப் போல இரண்டு மடங்கு இறக்கம். இறக்கம் நீடிக்கும் நேரமும் அதிகம். பாதி வென்று பாதி தோற்கும் அணியின் ரசிகன் வருடக் கடைசியில் கடனாளி. பத்து அணி ஆடும் ஐபிஎல்லில் ஆண்டுதோறும் ஒன்பது அணிகளின் ரசிகர்கள் ஏமாறித்தான் ஆகவேண்டும். இருபது அணி ஆடும் இங்கிலாந்து பிரீமியர் லீகில் பத்தொன்பது.

இதில் ஐரோப்பியர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்கள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவார்கள். மேலே உள்ள சிலருக்கு ஐரோப்பியப் போட்டிகளில் இடம் கிடைக்கும். ஆகவே 17-ஆவது இடத்தில் முடித்தவன்கூட மைதானத்துக்குள் ஓடிவந்து ஆனந்தக் கண்ணீர் விடலாம். பிழைத்ததே அவனுக்கு வெற்றி. ஐபிஎல்லில் அந்த வசதி இல்லை. கடைசி இடத்துக்குத் தண்டனை கிடையாது, ஐந்தாம் இடத்துக்குப் பரிசும் கிடையாது. 2024 மே 18 அன்று சென்னையைப் பெங்களூரு 27 ரன்னில் வென்று அடுத்த சுற்றுக்குள் நுழைந்தபோது பெங்களூரு கோப்பையை வென்றதுபோல் கொண்டாடியது என்றால், ரசிகன் தனக்கு வேண்டிய சின்னச் சின்ன முடிவுகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான் என்றுதான் அர்த்தம்.

மனக்கணக்கை விட்டு உடம்புக்கு வருவோம். 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் வட்டாரத்தின் அவசர மருத்துவர்கள் பார்த்த இதய நோயாளிகளை வில்பர்ட்-லாம்பன் குழு எண்ணியது. ஜெர்மனி ஆடிய நாட்களில் மாரடைப்பு உள்ளிட்ட இதய அவசரங்கள் வழக்கத்தைப் போல 2.66 மடங்கு. ஆண்களுக்கு மட்டும் பார்த்தால் 3 மடங்குக்கும் மேல். உச்சம் ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில். அதிலும் அர்ஜென்டினாவுடன் பெனால்டி வரை இழுத்த கால் இறுதி பொல்லாத நாள். ஜெர்மனி அன்று வென்றது என்பதைக் கவனியுங்கள். நெஞ்சைப் பிடித்தது இழுபறி, முடிவு அல்ல. வேறொரு நாட்டில், 1998 ஜூன் 30 அன்று இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற பின் அன்றும் அடுத்த இரண்டு நாளும் அங்கே மாரடைப்புக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 25 சதவீதம் கூடினார்கள். சோபாவில் சாய்ந்து பார்ப்பவனின் அட்ரினல் சுரப்பிக்கு, தான் பேட் பிடிக்கவில்லை என்பது தெரியாது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாக்களை இறுதி ஓவரின்போது தனியே விடவேண்டாம் என்று நான் சொல்வது பாதி வேடிக்கைக்கு, பாதி இந்த எண்களை நம்பி.

ஹார்மோன் கதை இன்னும் சுவையானது, கொஞ்சம் சந்தேகத்துக்கும் உரியது. 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, டிவியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். வென்ற பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கால் பங்குக்கும் மேல் ஏறியிருந்தது. தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு அதே அளவு இறங்கியிருந்தது. அந்த ஆய்வில் இருந்தது இருபத்தொரு ஆண்கள்தான். பின்னர் 2010 இறுதியில் ஸ்பெயின் ரசிகர்களைச் சோதித்தபோது, பார்க்கும்போதே டெஸ்டோஸ்டிரோனும் கார்டிசாலும் ஏறின. ஆனால் வென்ற பிறகு மேலும் ஏறவில்லை. ஆகவே ‘வெற்றி உன் ஆண்மையை ஏற்றும்’ என்று யாராவது யூடியூபில் முழங்கினால் நம்பவேண்டாம். பார்க்கிறவனின் ரத்தமும் ஆட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. அந்த அளவுக்கு இரண்டு ஆய்வும் ஒத்துப்போகின்றன.

ஆட்டம் முடிந்ததும் வாய் வேலை செய்யத் தொடங்கும். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏழில், கல்லூரி அணி சனிக்கிழமை வென்றால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் வகுப்பில் பெருகின. வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’, தோற்றதைப் பற்றிப் பேசும்போது ‘அவர்கள்’. திருப்பதிப் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டாலே போதும்: முதல் நாள் இரவு ‘ஜெயிச்சுட்டோம்டா’ என்றவன், அடுத்த வாரம் ‘சொதப்பிட்டாங்க’ என்பான்.

தன் அணி வெல்வது ஒரு சுகம். எதிரி தோற்பது அதைவிடக் குறைந்த சுகம் என்று நினைத்தால் தப்பு. 2011-இல் மினா சிகாராவும் கூட்டாளிகளும் பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ரசிகர்களை மூளை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து ஆட்டக் காட்சிகளைக் காட்டினார்கள். எதிரி அணி சறுக்கும்போது, மூளையில் பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி விழித்தது. அந்த எதிரி சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணியிடம் தோற்றாலும் விழித்தது. 2016-இல் ஹைதராபாத்திடம் பெங்களூரு தோற்றபோது, தடையால் அந்த ஆண்டு ஆடவே இல்லாத சென்னையின் ரசிகர்கள் ஏன் அவ்வளவு குதூகலித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேலியும் வசவும் மேட்சோடு பிறந்தவை அல்ல. ஐபிஎல் சூடுபிடிக்கும் அதே மே மாதத்தில் திருப்பதியில் தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கிறது. ஏழு நாள் விழா. பைராகி வேஷம், தோட்டி வேஷம் என்று நாளுக்கு ஒரு வேஷம். வேஷம் கட்டியவர் எதிரே வருபவரைக் கொச்சையாகத் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபிக்கக்கூடாது. எப்போது தொடங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஊர் தீர்மானித்திருக்கிறது. கடைசி நாளில் அம்மனின் பெரிய களிமண் முகத்தைச் சிதைத்து, அந்த மண்ணைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப்போவதோடு வசவும் முடிந்தது. கிரிக்கெட் ரசிகர்களின் வசவுக்கு அப்படி ஒரு கடைசி நாள் இல்லாதது பெரிய குறை.

திரும்பக் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு நஷ்டத்தில் ஏன் ஓடிப்போகவில்லை?

பதிலில் ஒரு பங்கு எதிர்பார்ப்பில் இருக்கிறது. டோபமின் நரம்பணுக்களைக் குரங்குகளில் ஆராய்ந்த வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் குழு 2003-இல் ஒன்றைக் கண்டது. பழரசம் நிச்சயம் கிடைக்கும் என்றாலும், நிச்சயம் கிடைக்காது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அந்த அணுக்கள் சும்மா இருக்கின்றன. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றால்தான் காத்திருப்பின்போது படிப்படியாக உச்சத்துக்கு ஏறுகின்றன. 2023 ஐபிஎல் இறுதியை நினைத்துப் பாருங்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை குறுக்கிட்டு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். சென்னையின் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தார். அந்த இரண்டு பந்துக்கு நடுவே இருந்த சில விநாடிகளுக்காகத்தான் மொத்த சீசனும். (அந்தக் கோப்பையைச் சென்னை தியாகராய நகரிலுள்ள திருமலை திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்கு எடுத்துச் சென்று பூஜை போட்டார்கள். ஏழுமலையான் எந்த அணி என்று சித்தூரில் இன்னும் வாதம் முடியவில்லை.)

எதிர்பார்ப்பு மட்டுமே காரணம் என்றால் சூதாட்டமே போதுமே. மீதிப் பங்கு வலியில் இருக்கிறது. மார்த்தா நியூசன் என்ற மானுடவியலாளரும் குழுவினரும் பிரீமியர் லீகின் பத்தாண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்து, அதிகம் வென்ற ஐந்து அணிகளின் ரசிகர்களையும் அதிகம் அடிவாங்கிய ஐந்து அணிகளின் ரசிகர்களையும் ஒப்பிட்டார்கள். அடிவாங்கியவர்களிடம்தான் சக ரசிகர்மேல் பிணைப்பு கூடுதல். உன் அணி ரசிகர்கள் சிலரைக் காப்பாற்ற உன் உயிரைக் கொடுப்பாயா என்று கற்பனையாகக் கேட்டபோது, ஆம் என்றவர்கள் ஆர்சனல் ரசிகர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். ஆய்வு வெளியானது 2021-இல், அவர்கள் கோப்பையைப் பார்ப்பதற்கு நான்கு வருடம் முன்பு. சேர்ந்து பட்ட அவமானம் பெவிகால்போல் ஒட்டுகிறது. பெங்களூரு ரசிகர்களின் ‘ஈ சாலா கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்ற முழக்கம் கேலிக்கு உள்ளாகி உள்ளாகியே ஒரு சாதிப் பெயர்போல் ஆகிவிட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

சேர்ந்து படும் வலி உடம்பில் என்ன செய்கிறது என்பதை அளந்தது கால்பந்து மைதானத்தில் அல்ல, தீமிதியில். சித்தூர் மாவட்டக்காரர்களுக்குத் தீமிதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மராஜா கோயில்களில் நாள்கணக்கில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து, மண்ணில் கிடத்திய துரியோதனன் படுகளம், கடைசியில் நெருப்புக் குழி. ஸ்பெயினின் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரிலும் ஜூன் மாதத்தில் ஒரு தீமிதி உண்டு. அங்கே மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு மானிகளைக் கட்டினார் இவானா கோன்வலின்கா. மிதிக்கிறவரின் துடிப்பு ஏறி இறங்கும் வரைபடமும், ஓரத்தில் சும்மா நிற்கும் அவருடைய உறவினர், நண்பரின் வரைபடமும் ஒத்துப்போயின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் துடிப்பு ஒத்துப்போகவில்லை. 2011-இல் வந்த முடிவு இது. 2022-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களை அளந்தபோது, டிவியில் பார்த்தவர்களைவிட அரங்கில் கூடிப் பார்த்தவர்களின் துடிப்புகள் அதிகம் ஒத்திசைந்தன. பக்கத்து மனிதனின் இதயத்தோடு தன் இதயம் சேர்ந்து அடிப்பதைப் பணம் கொடுத்து வேறெங்கும் வாங்க முடியாது. டால்டன், மெக்கரானின் செயலியில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இதே கூட்டம் கொல்லவும் செய்யும். பெங்களூருவின் 2025 வெற்றிக்கு மறுநாள், ஜூன் 4 அன்று, ஏறத்தாழ 35,000 பேர் கொள்ளும் சின்னசாமி அரங்கைச் சுற்றி லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அதே ஆண்டு ஜனவரி 8 இரவு திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காக நின்ற கூட்டத்தில் 6 பேர் இறந்ததை ஊர் அதற்குள் மறந்திருக்கவில்லை. ஒன்று பக்தி, ஒன்று கிரிக்கெட். இயற்பியல் ஒன்றே.

ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்வரை ஒவ்வொருவரும் தானாக அடியெடுத்து வைக்கும் தனி மனிதர்கள். ஐந்து ஆறைத் தாண்டினால் உடம்போடு உடம்பு ஒட்டி, ஒருவரின் தள்ளல் வரிசை முழுக்கப் பாயும். கூட்டம் பாயும் திரவமாகிவிடும். பிரெஞ்சு இயற்பியலாளர் தெனி பார்தோலோவின் குழு, ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத் திருவிழாக் கூட்டத்தை உயரத்திலிருந்து படமெடுத்து, 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அடர்த்தி ஓர் எல்லையைக் கடந்ததும், யாரும் தள்ளாமலே, நூற்றுக்கணக்கானோர் ஒரே உடலாக வட்டமடித்து ஆடத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி. உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் எதிர்க்க முடியாது. நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே விலாவெலும்பு விரிய இடமின்றி மூச்சு முட்டிச் சாகிறார்கள். பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாததால் அவன் தள்ளிக்கொண்டே இருக்கிறான். ‘மக்கள் கட்டுப்பாடில்லாமல் நடந்தார்கள்’ என்று பிறகு சொல்வது, அணை உடைந்தபின் தண்ணீரைக் குறைசொல்வது. அடர்த்தியை மேலிருந்து அளந்து, வாயிலுக்கு வெகு தொலைவிலேயே வரத்தை நிறுத்துவது ஏற்பாடு செய்பவர்களின் வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: கைகளை நெஞ்சுக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைப்பது, கீழே விழுந்த செருப்பையோ கைபேசியையோ குனிந்து எடுக்காமல் இருப்பது, அலை தளரும் நேரத்தில் பக்கவாட்டில் நகர்வது.

கடைசியாக ஒன்று. கோப்பை கிடைத்த சந்தோஷம் எத்தனை நாள் நிற்கும்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமத்தி வில்சனும் கூட்டாளிகளும் 2000-இல் இதைச் சோதித்தார்கள். பெரிய ஆட்டத்துக்கு முன் மாணவர்களிடம், வென்றாலோ தோற்றாலோ அடுத்த சில நாட்கள் மனம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பிறகு ஆட்டம் முடிந்து உண்மையில் எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். பெரும்பாலும் மிகைப்படுத்தியிருந்தார்கள், மனம் அதற்குள் இயல்புக்கு வந்திருந்தது. ஒரு கூட்டத்தாரிடம் மட்டும், அந்த நாட்களில் வேறு என்னென்ன வேலை செய்வாய், எத்தனை மணி நேரம் படிப்பாய், எத்தனை மணி நேரம் தூங்குவாய் என்று முதலில் எழுதச் சொன்னார்கள். அவர்களின் கணிப்பு உண்மைக்கு நெருங்கி வந்தது. ஆட்டத்தை மட்டும் பார்க்கும்போது அதைச் சுற்றியிருக்கும் வாழ்க்கை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கணிப்பு பிசகுவது அதனால்தான்.

சித்தூருக்கு அந்த வாழ்க்கை உடனே திரும்பி வந்தது. ஜூன் என்றால் அங்கே மாங்காய். பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் தோதாபுரி ரகம். தமிழில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்வோம். 2025-இல் அதன் விலை சரிந்து, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று ஆந்திர அரசு தீர்மானிக்க வேண்டியிருந்தது. வெளிமாநிலத் தோதாபுரி உள்ளே வந்தால் விலை இன்னும் விழும் என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் அதற்குத் தடை போட்டது. கோலார் விவசாயிகள் கொதித்தார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். தடை உத்தரவின் தேதி ஜூன் 7. பெங்களூரு கோப்பையைத் தூக்கி நான்கு நாள்.